நீலச் சாயமா, சிமெண்டுத் திட்டா, தோட்டத்துச் சாலையா?

கோலாலம்பூர் நகர மையத்தில் 2018-இல் நீலச் சாயம் பூசி சைக்கிள் பாதை போட்டார்கள். அதில் கார் நின்றது, மோட்டார் சைக்கிள் ஓடியது. சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா மாதிரி செம்பனை சூழ்ந்த சிறு பட்டணத்துக்கும் அதையே கேட்பவர்கள் உண்டு. மலிவு, வேலை சீக்கிரம் முடியும், திறப்பு விழாப் படம் நன்றாக வரும். அதற்குமேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. தாளில் ஒன்றரை மீட்டர் அகலம். லோங்காங் (சாலையோரச் சாக்கடை) விளிம்புக்கு அரை மீட்டர் போனால் ஓட்ட மிஞ்சுவது ஒரு மீட்டர்தான். ரொட்டி சானாய் கடை முன் ஒரு கார் நின்றால் அதுவும் போச்சு. சாயத்தோடு சொரசொரப்பு மணல் தூவாவிட்டால் மழையில் வளைவு வழுக்கும்.

சிமெண்டுத் திட்டு வைத்துப் பிரித்தால் கார் தொல்லை தீரும். இருவழி என்றால் குறைந்தது இரண்டரை மீட்டர் வேண்டும், மூன்று இருந்தால் நிம்மதி. திட்டில் சில மீட்டருக்கு ஒரு இடைவெளி விடவேண்டும். மறந்தால் மாலை மழை பாதைக்குள்ளேயே குளம் கட்டும். பாதை வாயிலில் நடும் தூண் காரைத் தடுக்கும், கப்சாய் என்ற சிறு மோட்டார் சைக்கிளைத் தடுக்காது. சைக்கிள் ஹேண்டலுக்கும் கப்சாய் ஹேண்டலுக்கும் அகலத்தில் சில சென்டிமீட்டர்தான் வித்தியாசம். தூணை நெருக்கினால் கூடை கட்டிய பாட்டியின் சைக்கிள்தான் முதலில் மாட்டும். மோட்டார் வரத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு வேகத்தடை மேடு போடுவதே மேல். ஆபத்து அதிகம் சந்தியில்: இடப்பக்கம் திரும்பும் கார் சைக்கிளைப் பார்க்காது. அங்கே பாதையைக் கீழே இறக்காமல் அதே உயரத்தில் கொண்டுபோய், மூலை வளைவையும் குறுக்கவேண்டும். செலவு கூடுதல் என்பதால் பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடையில் மட்டும் போட்டாலே போதும்.

தோட்டத்துச் சாலையை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. தொழிலாளர் லயத்திலிருந்து தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்குப் பெரிய சாலையில் சுற்றாமல் மரங்களுக்கிடையே போய்விடலாம். வழியை மறிப்பது செம்பனைக் குலைத் திருட்டுக்குப் பயந்து எல்லையில் வெட்டிய அகழி. அதன்மேல் ஒரு மீட்டர் அகலத்தில் சிமெண்டுப் பலகை போட்டால் சைக்கிள் போகும், லோரி போகாது. மோட்டாரில் குலை கட்டிக்கொண்டு போவார்களே என்று மேனேஜர் கேட்பார். இரவில் கம்பிக் கதவைப் பூட்டலாம். விளக்கில்லாத சாலையில் அந்த நேரத்தில் எப்படியும் யாரும் ஓட்டப்போவதில்லை.

வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும் என்பதால் லோரி மழையிலும் நிற்காது; செம்மண்ணில் தடம் ஆழமாகும். தடத்தை விட்டு ஓரமாக ஒரு மீட்டர் அகலத்துக்குக் கிரஷர் ரன் (உடைத்த கல்லும் தூளும் கலந்தது) கொட்டி இறுக்கினால் சேறு ஒட்டாது. மட்டை முள் மெல்லிய டயரைக் குத்தும். 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் வேண்டும். முதல் ஒதுக்கீடு இதற்கும் பள்ளித் திட்டுக்கும் போகட்டும், சாயம் காத்திருக்கலாம்.

எதைப் போட்டாலும் அதற்குமுன் லோங்காங் மூடிகளைப் பார்க்கவேண்டும். கம்பிகள் ஓடும் திசையிலேயே இருந்தால் முன்சக்கரம் இடுக்கில் இறங்கி ஆளைத் தூக்கி எறியும். பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குக் கம்பி வெல்டிங் வைத்தால் போதும், ஒரு பட்டறைக்காரர் செய்துவிடுவார்.