மீட்டர் இல்லாமல் வந்து "காயில் போச்சு" என்பவரிடம் சம்ப் மோட்டாரைக் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டுச் சம்ப் மோட்டார் விஷயத்தில் எங்களுக்கு நன்றாகவே மொட்டை அடித்துவிட்டார்கள். இதே வேலை இன்னும் எத்தனை வீட்டில் நடக்கிறதோ, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

சம்புக்குள் கிடக்கும் சிங்கிள் ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார் அது. சுவிட்சைப் போட்டால் உம்மென்று ஒரு முனகல், அவ்வளவுதான். ஓடவில்லை. சில நொடிகளில் பெட்டியில் ட்ரிப் ஆகிவிட்டது. மேல்தொட்டி காலி. வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் வெளியூர் போயிருந்தார். இணையத்தில் தேடியபோது, வீடு தேடி உடனே வருவதாக விளம்பரம் போட்டிருந்த ஓர் எண் கிடைத்தது. கூப்பிட்டோம். உடனே வந்தார்கள்தான், அதைக் குறை சொல்லக் கூடாது.

வந்தவர் கையில் டெஸ்டரும் ஸ்பேனரும் இருந்தன. மின் அளவுகளைப் பார்க்கும் மல்டிமீட்டர் இல்லை. சுவிட்சைப் போட்டு முனகலைக் கேட்டார். "காயில் போச்சு சார், ரீவைண்டிங்தான். கழற்றிக்கிட்டுப் போறேன்" என்றார். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிதான் காயில், அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சுற்றுவதுதான் ரீவைண்டிங். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பாதிப் பணம் முன்னாலேயே வேண்டுமாம். குழாயில் தண்ணீர் வராத வீட்டில் யாரும் பேரம் பேச மாட்டார்கள் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது. காயிலில் ஸ்டார்ட்டிங் வைண்டிங் என்ற பகுதிக்குக் கெப்பாசிட்டர் வழியாக மின்சாரம் போனால்தான் முதல் திருப்பம் கிடைக்கும். கெப்பாசிட்டர் வீக் ஆகிவிட்டால் மோட்டார் நின்ற இடத்திலேயே நின்று முனகும், கரண்டை அதிகமாக இழுக்கும், ட்ரிப் ஆகும். எங்கள் வீட்டில் நடந்தது அச்சு அசலாக அதுதான். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் ஏதாவது சிக்கினாலும், பேரிங் இறுகினாலும், வோல்டேஜ் குறைந்தாலும் இதே முனகல் வரும். காயில் எரிந்தாலும் வரலாம். ஆனால் முனகலைக் காதால் கேட்டு இவற்றில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. (ஒன்று: முனகும் மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். நன்றாக இருக்கும் காயிலும் அதில்தான் கருகும்.)

மோட்டார் திரும்பி வந்தது, ஓடியது. "ஃபுல் காப்பர் சார், ஒரு வருஷம் கவலையே வேண்டாம்" என்றார். பழைய காயில் எங்கே என்று கேட்டதற்கு, "அது கடையிலேயே போட்டாச்சு" என்றார். செம்புக் கம்பியை எடைக்குப் போட்டால் நல்ல காசு கிடைக்கும், அது யார் பைக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச நாளில் தண்ணீர் ஏறும் வேகம் குறைந்தது. அப்புறம் மோட்டாரைப் போட்டாலே ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழ ஆரம்பித்தது. அதே ஆளைக் கூப்பிட்டோம். பெட்டியருகே கொஞ்ச நேரம் ஏதோ செய்தார். "அது சும்மா சும்மா விழும் சார், சரி பண்ணிட்டேன்" என்று அதற்கும் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு போனார்.

என்ன சரி பண்ணினார் என்பது எங்கள் எலக்ட்ரீஷியன் ஊர் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஆர்.சி.சி.பி. வழியாகப் போகாமல் மெயினிலிருந்து நேராக மோட்டாருக்கு வயர் இழுத்திருக்கிறார். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், இதை மன்னிக்க முடியாது. கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கத்தான் அதை மாட்டியிருக்கிறோம். மோட்டாரோடு சேர்ந்த கேபிள் ஜாயிண்டில் கசிவு, அந்த ஜாயிண்ட் தண்ணீருக்குள். அந்த நிலையில் சம்பைக் கழுவ யாராவது இறங்கியிருந்தால்? ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால் மோட்டாரிலோ வயரிலோ கோளாறு என்று அர்த்தம். அதை ஓரங்கட்டுகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

பெட்டிக்குள் இன்னொன்றும் இருந்தது. புதிதாக மின்னும் ஒரு கெப்பாசிட்டர். பில்லில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பழையது பெட்டியின் அடியிலேயே கிடந்தது, தலைப்பக்கம் உப்பலாக. மேலே 36 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தது, மீட்டரில் அதில் பாதிகூடக் காட்டவில்லை. பழைய காயில் நன்றாகத்தான் இருந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது, அதுதான் கையில் இல்லையே. ஆனால் ரீவைண்டிங்கே தேவைப்பட்டிருக்காது என்று எங்கள் ஆள் அடித்துச் சொல்கிறார். கெப்பாசிட்டர் விலை ரீவைண்டிங் செலவில் ஒரு சிறு பங்குதான்.

அப்புறம் மோட்டாரைப் பிரித்தோம். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாரில் காயில் கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும், உள்ளே என்ன உலோகம் என்று பார்த்தால் தெரியாது. காயில் முனையில் ஒரு கம்பியின் உறையைப் பிளேடால் சீவிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று அலுமினியம். செம்பு அளவுக்கு அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தாது, ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். அதே வேலைக்கு அதைவிடத் தடிமனான கம்பி வேண்டும், செம்புக்கென்று வெட்டிய பள்ளத்தில் அது அடங்காது. மெல்லிய கம்பியைச் சுற்றி அடைத்தால் சூடாகும். அலுமினியம் போட்டதையே நான் மோசடி என்று சொல்லவில்லை, சில மோட்டார்கள் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருகின்றன. செம்பு என்று சொல்லிச் செம்புக்கான காசை வாங்கியதுதான் மோசடி.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது இதுதான். மெயினை அணைத்து, கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் சார்ஜை இறக்கிவிட்டு, மோட்டாரிலிருந்து வரும் மூன்று வயர்களையும் பெட்டியில் கழற்றி, இரண்டிரண்டாக ஓம் அளக்கச் சொல்லுங்கள். மூன்று அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்கு ஏறக்குறைய சமமாக வர வேண்டும். எங்காவது அறவே தொடர்பு இல்லை என்றால் காயிலோ கேபிளோ அறுந்திருக்கிறது. ஒரு வயருக்கும் மோட்டார் பாடிக்கும் தொடர்பு காட்டினாலும் கோளாறுதான், ஆனால் சின்னக் கசிவுகள் மல்டிமீட்டரில் அகப்படாது, அதற்கு மெக்கர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் கருவி வேண்டும். மோட்டாரை வெளியே தூக்காமலே இத்தனையும் பார்த்துவிடலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த ஆளுக்குப் போன் போட்டேன். "ஒரு வருஷம்னு பில்லில் எழுதியிருக்கா சார்?" என்று கேட்டார். இல்லைதான். 'மோட்டார் சர்வீஸ்' என்று ஒரே வரி, கீழே தொகை. அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. நிஜமாகவே ரீவைண்டிங் செய்ய வேண்டி வந்தால் கம்பி செம்பா அலுமினியமா, எத்தனை கிலோ போட்டார்கள், எத்தனை மாத வாரண்டி, மாற்றிய பாகங்கள் என்னென்ன என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழைய காயிலைத் திருப்பித் தர வேண்டும் என்று மோட்டாரைத் தூக்கும்போதே சொல்லிவிடுங்கள்.