நட்பைச் சொல்வதா, காட்டுவதா? ஃபேன்டஸி தொடர்களை முன்வைத்து ஓர் அலசல்

டோல்கினின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' தொடரில் லெகோலஸும் கிம்லியும் எப்போது நண்பர்கள் ஆனார்கள் என்று வாசகர்களிடம் கேட்டால், ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எதிரிப் படையின் அரக்கர்களான ஓர்க்குகளை யார் அதிகம் வீழ்த்துவது என்று எல்ஃப் இனத்து லெகோலஸும் குள்ளர் இனத்து கிம்லியும் போட்டி போட்டு எண்ணுகிற இடம். கடைசிக் கணக்கு லெகோலஸுக்கு 41, கிம்லிக்கு 42. ஆனால் அதற்கு வெகு முன்பே அவர்கள் நண்பர்களாகிவிட்டிருந்தார்கள். எல்ஃபுகள் வாழும் லோத்லோரியன் காட்டில், நம் கண்ணில் படாமல். லெகோலஸ் காட்டுக்குள் போகும்போது அடிக்கடி கிம்லியையும் கூட்டிக்கொண்டு போனான், மற்றவர்களுக்கு அந்த மாற்றம் வியப்பாக இருந்தது என்று டோல்கின் ஒரு வாக்கியம் எழுதுகிறார். பிறகு படகு ஏறும்போது, இருவரும் இப்போது நெருங்கிய நண்பர்கள் என்று இன்னொரு அரை வாக்கியம். அவ்வளவுதான். இன்றைய எழுத்துப் பட்டறை எதிலாவது அந்த வரிகளைக் கொடுத்தால், "சொல்லாதே, காட்டு" என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதித் திருப்பித் தருவார்கள்.

அந்த அறிவுரை தவறில்லை, அரைகுறை. ஒரே சிறுகதைக்குள் நட்பை எழுதுகிறவருக்கு அது ஏறக்குறைய முழுதாகவே பொருந்தும். மூன்று பாகம், ஏழு பாகம் என்று போகிற தொடரில் அதை அப்படியே கடைப்பிடித்தால் கதை நகராது. இரண்டு வழிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: கேட்க வேண்டியது எது உயர்ந்தது என்பதல்ல, நட்பின் எந்தப் பகுதிக்கு எது என்பது.

டோல்கினையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் இரண்டையும் எங்கெங்கே வைத்திருக்கிறார் என்பதில் நிறையக் கற்றுக்கொள்ள இருக்கிறது. பகையை அவர் காட்டுகிறார். எல்ராண்டின் ஆலோசனைக் கூட்டத்திலேயே கிம்லியின் தந்தை க்ளோயின், லெகோலஸின் ஆட்கள் தன்னைச் சிறை வைத்த பழைய கதையைக் குத்திக் காட்டுகிறார். லோத்லோரியன் எல்லையில் காவலர்கள் குள்ளனுக்கு மட்டும் கண்ணைக் கட்ட வேண்டும் என்கிறார்கள். கிம்லி கோடரியை உருவுகிறான். குள்ளர்களின் வணங்காக் கழுத்தை லெகோலஸ் சபிக்கிறான். எல்லோருக்கும் கண்ணைக் கட்டுங்கள் என்று குழுவை வழிநடத்தும் அரகோர்ன் தீர்ப்புச் சொன்னதும், லெகோலஸுக்கு மட்டும் கட்டினாலே எனக்குப் போதும் என்று கிம்லி சிரிக்கிறான். இப்போது லெகோலஸுக்குக் கோபம் வருகிறது. பேச்சு, முகபாவம், ஆயுதம் எல்லாம் நம் கண் முன்னால்.

அடுத்து, மாற்றத்தின் காரணத்தையும் காட்டுகிறார். லோத்லோரியனின் தலைவி கலாட்ரியல் கிம்லியிடம் அவன் முன்னோர்களின் இடங்களைக் குள்ளர் மொழிப் பெயர்களாலேயே குறிப்பிடுகிறாள். பகைவரின் நெஞ்சில் அன்பைக் கண்டு அவன் திகைத்துப் போகிறான். அதன் பிறகு வருவதுதான் அந்த ஒற்றை வாக்கியம். கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்தக் காட்டில் இருவரும் என்ன பேசினார்கள், எங்கே நடந்தார்கள், முதலில் யார் இறங்கி வந்தார்கள் என்பதெல்லாம் இல்லை. எழுதியிருந்தால் மூன்று அத்தியாயம் நீண்டிருக்கும். மந்திரவாதி கந்தால்ஃபை இழந்து மோரியா சுரங்கத்திலிருந்து வெளியேறிய குழுவின் துக்கத்துக்கு நடுவே உலாவல் காட்சிகள் ஒட்டியிருக்கவும் செய்யாது.

சொன்னதற்குக் கணக்குத் தீர்ப்பது அடுத்த பாகத்தில். ரோஹன் நாட்டுப் புல்வெளியில் அந்நாட்டுத் தளபதி எயோமரின் குதிரைப் படை அரகோர்ன், லெகோலஸ், கிம்லி மூவரையும் சுற்றி வளைக்கிறது. கலாட்ரியலைப் பற்றி எயோமர் தாழ்வாகப் பேச, கிம்லி பதிலுக்குச் சீறுகிறான். நீ இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருந்தால் தாடியோடு உன் தலையைச் சீவியிருப்பேன் என்கிறான் எயோமர். மறு நொடி லெகோலஸின் வில்லில் அம்பு ஏறியிருக்கிறது. சுற்றிலும் ஈட்டிகள், வந்திருக்கும் குதிரைவீரர்கள் 105 பேர் என்று எண்ணிச் சொன்னவனே அவன்தான். அம்பை விட்டால் தானும் பிழைக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். நண்பர்கள் ஆனார்கள் என்ற வரியை நான் முழுதாக நம்பியது இந்த இடத்தில்தான்.

ஆக, காரணம் காட்டப்படுகிறது, காலம் சொல்லப்படுகிறது, விலை மறுபடி காட்டப்படுகிறது. தொடர் எழுதுகிறவர் இந்த வரிசையைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

காட்டுவதற்கு ஒரு செலவு உண்டு என்பதைப் பட்டறைக்காரர்கள் பேசுவதில்லை. பக்கச் செலவு மட்டுமல்ல, தேய்மானமும்தான். முதல் பாகத்தில் நாயகன் நண்பனின் உயிரைக் காப்பாற்றினால் சிலிர்க்கும். நான்காம் பாகத்தில் ஐந்தாவது தடவையாகக் காப்பாற்றும்போது வாசகர் அதை வழக்கமான சண்டைக் காட்சி என்று தள்ளிவிட்டுப் போவார். அதோடு, உயிரைக் காப்பாற்றுவது நட்புக்குச் சாட்சியே அல்ல. நாயகன் என்றால் வழிப்போக்கனையும்தான் காப்பாற்றுவான். வேறு யாருக்காகவும் செய்யாததை இவனுக்காக மட்டும் செய்தானா என்பதே கேள்வி. அந்த வகையில், வழி நெடுகச் சுமந்துவந்த சமையல் பாத்திரங்களை, எதிரியின் நாடான மோர்டோரில், ஃப்ரோடோவின் தோழன் சாம் பிளவுக்குள் வீசி எறிகிற இடம் எனக்கு எந்த வாள்வீச்சையும் விடப் பெரிது. வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஃப்ரோடோவுக்குச் சூடாக எதையாவது ஆக்கிப்போட அவன் காப்பாற்றி வைத்திருந்தவை அவை.

இன்னொரு போலிக் காட்சியும் இப்போது அதிகம் வருகிறது: நக்கல். இரண்டு பாத்திரங்கள் பக்கம் பக்கமாக ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டால் நட்பைக் காட்டிவிட்டதாக எழுதுகிறவர் நினைத்துக்கொள்கிறார். புத்திசாலிகள் இருவர் என்பது மட்டும்தான் அதில் தெரிகிறது. ஹெல்ம்ஸ் டீப் போட்டியும் மேலோட்டமாக நக்கல்தான். ஆனால் போர் உச்சத்தில் கிம்லியைக் காணாதபோது லெகோலஸ் கவலைப்படுகிறேன் என்று சொல்வதில்லை. என் எண்ணிக்கை 39 ஆகிவிட்டது, அதை அவனிடம் சொல்ல வேண்டும், அவனைப் பார்க்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்கிறான். எண்ணுக்கு அடியில் பயம் கிடக்கிறது. அப்படி அடியில் ஒன்றும் இல்லாத நக்கலை வெட்டிவிடலாம்.

சொல்வதன் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததே. "இருவரும் உயிர்த்தோழர்கள்" என்று எழுதினால் வாசகர் தலையாட்டுவார், உணர மாட்டார். ஆனால் ஃபேன்டஸியில் சொல்வதற்கு ஒரு தனிப் பயன் இருக்கிறது. அந்த உலகத்தின் விதியை முன்கூட்டியே சொல்லிவைத்தால், நட்பைக் காட்ட ஒரு கைவீச்சே போதுமாகிவிடும்.

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய முதல் எர்த்ஸீ நாவல் இதற்குச் சரியான சான்று. அந்தத் தீவுகளில் ஒருவரின் உண்மைப் பெயரை அறிந்தவரின் கையில் அவர் உயிரே இருக்கிறது. அதனால் எல்லோரும் அழைப்புப் பெயரோடுதான் உலவுகிறார்கள். இந்த விதியை லெ குவின் கூச்சமே இல்லாமல் நேரடியாகச் சொல்லிவிடுகிறார். நாயகன் தன் கர்வத்தால் ஒரு நிழலை உலகத்துக்குள் அவிழ்த்துவிட்டு, தலைமை மந்திரவாதியின் சாவுக்கும் காரணமாகி, முகமெல்லாம் தழும்போடு ராக் தீவின் மந்திரப் பள்ளியில் ஒடுங்கிக் கிடக்கிறான். படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பும் தோழன் வெட்ச் விடைபெற வருகிறான். உனக்கு எப்போதாவது நான் தேவைப்பட்டால் எஸ்தாரியோல் என்று என் பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறான். இவன் தழும்பேறிய முகத்தை நிமிர்த்தி, என் பெயர் கெட் என்கிறான்.

அவ்வளவுதான் காட்சி. கண்ணீர் இல்லை, கட்டிப்பிடிப்பது இல்லை, 'நீ என் சகோதரன்' வசனம் இல்லை. ஊரே அஞ்சி ஒதுங்கிப் பார்க்கிற ஒருவனிடம், தன்னைக் கொல்லக்கூடிய ஆயுதத்தை ஒருவன் தானாகவே நீட்டுகிறான். நம் யதார்த்த நாவலில் ஒருவர் இன்னொருவரிடம் பெயரைச் சொன்னால் அது அறிமுகம். அங்கே அது அடைக்கலம். விதியைச் சொன்னதால்தான் காட்சி இவ்வளவு சுருங்க முடிந்தது.

சொந்தமாக எழுதிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு மாதிரி தருகிறேன். ஆற்றைக் கடப்பவர் மறுநாள் முழுக்கக் குரலை இழப்பார் என்று ஒரு நாடு வைத்துக்கொள்வோம். "பொன்னிக்கு மாறன் என்றால் உயிர்" என்பது சொல்வது. மாறன் காய்ச்சலில் கிடக்க, பொன்னி இரவெல்லாம் ஈரத்துணி மாற்றிக்கொண்டு அழுகிறாள் என்பது காட்டுவது, ஆனால் எந்த நாட்டுக் கதையிலும் வரக்கூடியது. அரங்கேற்றத்தன்று காலை மாறன் அக்கரை மூலிகைக் கஷாயத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறான், பாட வேண்டிய பொன்னி வாயே திறக்காமல் கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், ஆறு பற்றிய விதி நாலு அத்தியாயத்துக்கு முன்னால் சொல்லப்பட்டிருக்கும்பட்சத்தில், வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். அவள் ஆற்றைக் கடந்ததைக்கூடக் காட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு. ஆசிரியர் சொல்லாமல் பாத்திரம் சொல்வது. இதற்கு வெளியே தேடிப்போக வேண்டாம். வில்லிபுத்தூரார் பாரதத்தில் 'எடுக்கவோ கோக்கவோ' எல்லோர் மனத்திலும் காட்சியாகப் பதிந்திருக்கிறது. ஆனால் வில்லியில் அது நேரடிக் காட்சியாக வருவதில்லை. பாண்டவர் பக்கம் வந்துவிடு என்று கேட்கும் குந்தியிடம் கர்ணன் சொல்லும் மறுமொழியில் வருகிறது. தனியிடத்தில் மனைவியின் மேகலை மணிகள் சிதறக் கண்டும் துரியோதனன் ஐயப்படவில்லை, எடுத்துத் தரவா, கோத்துத் தரவா என்றுதான் கேட்டான். அவனுக்குச் செஞ்சோற்றுக் கடன் கழிப்பதே எனக்கு இனிப் புகழும் தருமமும் என்கிறான். சொல்பவனுக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்வதாலேயே தாயை இழக்கிறான். அதனால் சொல்வதே ஒரு செயல் ஆகிவிடுகிறது. தீ மூட்டி உட்கார்ந்து பழைய நட்பை நினைவுகூரும் காட்சிகள் பல தொடர்களில் சப்பென்று போவதற்குக் காரணம், சொல்பவருக்கு அங்கே இழக்க எதுவும் இல்லாததுதான்.

இந்த மூன்றாவது வழியின் பலத்தையும் ஓட்டையையும் ஒரே இடத்தில் பார்க்க ஹாரி பாட்டர் தொடர் வசதியானது. ஹாரி, ரான், ஹெர்மியோனி நட்பில் சிக்கல் ஒன்றும் இல்லை. 1997இல் வந்த முதல் புத்தகத்தில் கழிவறைக்குள் புகுந்த மலைப்பூதத்தை மூவரும் சமாளிக்கிறார்கள், பிறகு நூலாசிரியர் ரவுலிங் இதோடு நண்பர்களானார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லி முத்திரை குத்துகிறார். ஆனால் நட்பு நிலைப்பது பூதத்தால் அல்ல. விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஹெர்மியோனி, பையன்களைக் காப்பாற்ற ஆசிரியையிடம் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறாள் பாருங்கள், அந்த இடத்தில்.

சுவாரசியமானது முந்தைய தலைமுறை நட்பு. ஹாரியின் அப்பா ஜேம்ஸ், அவர் பள்ளித் தோழர்கள் சிரியஸ், லூபின், பீட்டர் ஆகிய நால்வரின் நட்பை 1999இல் வந்த மூன்றாம் புத்தகத்தில் லூபின் வாய்வழியாகவே அறிகிறோம். முழுநிலவில் ஓநாயாக மாறும் தனக்குத் துணையிருக்க, மற்ற மூவரும் சட்டத்துக்குப் புறம்பாக, ஆபத்து என்று தெரிந்தும், ஐந்தாம் ஆண்டுவரை முயன்று விலங்குருவம் எடுக்கக் கற்றார்கள் என்கிறார். கேட்கும் ஹாரிக்கு அப்பாவின் முகமே நினைவில் இல்லை. நல்லதைக் கேட்கத் தவிக்கும் காது. வாசகருக்கும் அதே காதுதான். 2003இல் ஐந்தாம் புத்தகத்தில், அவர்களோடு படித்த ஸ்னேப்பின் நினைவு வழியாக அதே நால்வரை நேரில் காட்டுகிறார் ரவுலிங். தேர்வு முடிந்து ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிரியஸுக்குச் சலிப்பு. ஜேம்ஸ் ஸ்னேப்பைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறான். மாணவத் தலைவன் லூபின் புத்தகத்திலிருந்து தலையை எடுப்பதில்லை. லூபின் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அந்த நட்பு யாரை மிதித்துக்கொண்டு வளர்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தார். முதலில் சொல்லி, நம்பவைத்து, பிறகு காட்டிக் கலைப்பதைத் தொடர்கதையில்தான் இவ்வளவு ஆழமாகச் செய்ய முடியும். நான்கு ஆண்டு இடைவெளியில் அந்தப் பொற்காலத்தை வாசகர் மனத்துக்குள் தானே வளர்த்துவைத்திருந்தார். முதலிலேயே காட்டியிருந்தால் இந்த வலி கிடைத்திருக்காது.

ஆனால் அதே நால்வரில் பீட்டர் விஷயத்தில் இந்த உத்தி சறுக்குகிறது என்பேன். மொத்தக் கதையும் நிற்பது அவன் துரோகத்தின் மேல். தன் குடும்பத்தின் மறைவிடத்தைக் காக்கும் இரகசியக் காப்பாளனாக சிரியஸை விட்டு அவனை மாற்றிவைக்கும் அளவுக்கு ஜேம்ஸ் அவனை நம்பினான். ஏன் நம்பினான்? பீட்டர் அவர்களைக் கொண்டாடினான், வாலைப் பிடித்துக்கொண்டே சுற்றினான் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். ஏரிக்கரைக் காட்சியிலும் அவன் வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கும் ஆளாகவே இருக்கிறான். இதனால் துரோகம் நடந்தபோது அதிர்ச்சி வருகிறது, இழப்பு வருவதில்லை. விலங்குருவம் எடுக்கப் பீட்டர் திணறியபோது ஜேம்ஸும் சிரியஸும்தான் உதவினார்கள் என்று லூபின் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்கிறார். தங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லாத ஒருவனோடு அந்த இரண்டு திமிர் பிடித்த பையன்கள் இரவு இரவாக உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் ஒரு பக்கம் இருந்திருக்கலாம். ஏழு புத்தகங்களிலும் அது இல்லை.