கூரையில் சூரிய மின்தொகுதி: இரண்டாண்டுக்கு மேற்பட்ட பயன்பாட்டின் பின் ஒரு மதிப்பீடு

2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரசின் கூரைச் சூரிய மின்திட்டத்தின் கீழ், யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சூரிய மின்தொகுதி ஒன்றை 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பொருத்தினோம். மனைவியின் காப்புகளை அடகு வைத்தே முற்பணம் கட்டினோம் என்பதால், இம்மதிப்பீட்டில் சற்றுக் கண்டிப்பு தென்பட்டால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களை இதில் இறக்கியது சுற்றாடல் ஆர்வமன்று, மின்கட்டணமே. எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட 2022ஆம் ஆண்டில், ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இலங்கை இடைநிறுத்தியது. அடுத்த மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தபோது, மின்சாரத்தை உற்பத்திச் செலவுக்குக் குறைத்து விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதனோடு வந்தது. அதற்கு முன்பே 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்ததால், எங்களைப் போன்ற வீட்டாருக்குக் கூரையைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வெயில் நன்றாக எறிக்கும் மாதத்தில் தொகுதி 600 அலகு வரை தருகிறது. வீட்டுப் பாவனை போக எஞ்சுவதை மின்சார சபை அலகுக்கு 37 ரூபாய் வீதம் 20 ஆண்டு வாங்கிக்கொள்வதாக எங்கள் ஒப்பந்தம் சொல்கிறது. 2024இல் புதிதாகச் சேர்ந்தோருக்கு அது 27 ரூபாயாகக் குறைந்தது. கடனில் மூழ்கிய நாட்டுக்கு இது நட்டமான வியாபாரம் என்று சிலர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. பகலில் கூரையிலிருந்து போகும் அலகு ஒவ்வொன்றும் இறக்குமதி எரிபொருளுக்குச் செல்லும் டொலரை ஓரளவாவது மிச்சப்படுத்துகிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மின்வெட்டு வந்தால், உச்சி வெயிலிலும் எங்கள் தொகுதி நின்றுவிடும்; இணைப்புக் கம்பியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக, தகட்டின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கேற்ப மாற்றும் இன்வேர்ட்டர் தானாகவே அணைந்துகொள்ளும் என்பதை விற்றவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. தகடுகளில் காக எச்சம் காய்ந்து உற்பத்தி குறைந்தபோதும், அவர்களின் பராமரிப்புக் குழு மூன்றாம் அழைப்புக்குப் பிறகே வந்தது.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்ததால், கூரைத் தொகுதிகளை ஒன்பது நாட்களுக்குத் தினமும் பிற்பகல் 3 மணி வரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகல் மின்சாரத்தைத் தேக்கி வைக்கப் போதிய வசதி இல்லாத ஒரு வலையமைப்பு, 2030இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற இலக்கை எப்படி எட்டும் என்ற கேள்வி அந்த ஒன்பது நாட்களிலும் என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

இப்போது வாங்க நினைப்போர், தகட்டின் விலையைக் கேட்கும் முன், பின்னாளில் மின்கலம் இணைக்க இன்வேர்ட்டரில் வசதி உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்களுடையதில் அது இல்லை.