வாசலுக்கு வந்து கார் சக்கரம் கழுவித் தரும் சேவை: ஓர் எச்சரிக்கை

வீட்டு வாசலுக்கே வந்து காரின் சக்கரங்களையும் மட்கார்டின் உட்புறத்தையும் சுத்தம் செய்து, துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பூச்சும் அடித்துத் தருவதாகச் சொல்லும் துண்டறிக்கைகள் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது தாராளமாக ஒட்டப்படுகின்றன. அப்படிப்பட்ட ஒரு சேவையால் என் காரின் நான்கு அலாய் வீல்களும் பாழாயின; முன்சக்கரங்களின் பிரேக் பேடுகளை மாற்ற வேண்டி வந்தது; இடப்பக்க மட்கார்டுக்குள் துரு பிடித்தது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அதைக் காட்டிலும், இதே முறையில் வேலை செய்பவர்கள் பலர் இருப்பதை விசாரித்தபோது அறிந்துகொண்டதால், பெயரைவிட வேலை நடந்த விதத்தைச் சொல்வதே பிறருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் இருப்பது திருவான்மியூரில், கடலுக்கு அருகில். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் சக்கரங்களில் சேறும் பழுப்புப் புள்ளிகளும் ஏறியிருந்தன. மட்கார்டுக்குள் மண் அப்பியிருந்தது. உப்புக்காற்றில் ஈர மண் தங்கினால் தகடு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், அடிப்பகுதியை முழுமையாகக் கழுவி, உலரவைத்து, பிறகு பூச்சு அடித்துத் தருவதாக அவர்கள் கூறியதைக் கேட்டு 2,200 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். கழுவுதல், உலர்த்துதல், பூசுதல் என்ற மூன்று வேலைகளும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் தெளிவாக எழுதப்பட்டிருந்தன.

வந்த இருவரும், அப்போதுதான் ஓடி வந்து நின்றிருந்த காரின் சக்கரங்கள் ஆறும்வரை காத்திருக்கவில்லை. பெயர்ச்சீட்டு எதுவும் இல்லாத ஒரு வெள்ளைக் கேனிலிருந்து தெளிப்பானில் திரவத்தை ஊற்றி, சூடான சக்கரங்களின் மேல் அடித்தார்கள். மூக்கை எரிக்கும் நெடி வந்தது. சக்கரத்திலிருந்து வழிந்த துளிகள் சிமென்ட் தரையில் விழுந்த இடமெல்லாம் பொங்கி நுரைத்தது. இது என்ன மருந்து என்று கேட்டதற்கு, "வீல் ஷாம்புதான் சார், எல்லா வண்டிக்கும் இதுதான் போடுறோம்" என்று பதில் வந்தது. தேய்க்கவே இல்லாமல் பழுப்புக் கறை கரைந்து ஓடியது. சில நிமிடங்களில் சக்கரம் புதிதுபோல் ஆனது. அந்தத் திரவம் என்னவாக இருக்கும் என்பதை அந்த வேகமே சொல்லிவிடுகிறது என்பதை இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஷாம்பு சிமென்டில் பொங்காது. சிமென்டில் உள்ள கால்சியம் கார்பனேட்டோடு அமிலம் சேரும்போதுதான் கார்பன் டை ஆக்சைடு வெளிவந்து அப்படிப் பொங்கும்.

அலாய் வீல் என்பது பெரும்பாலும் அலுமினியமும் சிலிக்கானும் கலந்த உலோகக் கலவையில் வார்க்கப்படுவது. அதன் மேல் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, இவற்றுக்கு மேலே கண்ணாடிபோல் தெளிந்த ஒரு மேற்பூச்சு ஆகியவை இருக்கும். டைமண்ட் கட் எனப்படும் வகையில், முகப்பைக் கடைசல் இயந்திரத்தில் சீவிப் பளபளப்பாக்கி, அந்தச் சீவிய உலோகத்தின் மேல் தெளிந்த பூச்சை மட்டுமே கொடுத்திருப்பார்கள். என் காரில் இருப்பது அந்த வகைதான். அந்தப் பூச்சு ஒருமுறை அரிக்கப்பட்டுவிட்டால், ஈரமும் உப்பும் உள்ளே நுழைந்து பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையில் வெண்மையான இழைகளாகப் பரவத் தொடங்கும். மேலே என்ன பாலிஷ் போட்டாலும் அந்த இழைகள் போகாது, ஏனென்றால் அவை மேலே இல்லை. அலுமினியத்துக்கு அமிலமும் ஆகாது, காஸ்டிக் சோடா கலந்த கடுமையான காரமும் ஆகாது. இரண்டுமே அதைக் கரைக்கும். சூடான சக்கரத்தில் இந்த வினை இன்னும் விரைவாக நடப்பதோடு, திரவம் உடனே உலர்ந்து அங்கேயே கறையாகவும் படிந்துவிடும்.

என் காரில் அதுவே நிகழ்ந்தது. சில வாரங்களில் ஆரக்கால்களின் ஓரங்களிலும் நட்டுகளைச் சுற்றியும் பால் வழிந்ததுபோன்ற தடங்கள் தோன்றின. வீல்களைப் புதுப்பித்துத் தரும் கடையில் காட்டியபோது, பூச்சை முழுவதும் நீக்கி, முகப்பை மறுபடியும் சீவி, புதிதாகப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். ஒவ்வொரு முறை சீவும்போதும் உலோகம் குறைவதால் இதை ஒரு வீலுக்கு ஓரிரு முறைக்கு மேல் செய்வது நல்லதன்று. நான்கு வீல்களுக்கும் அவர்கள் கேட்ட தொகை, நான் சுத்தம் செய்யக் கொடுத்த கூலியைப் போலப் பல மடங்கு.

இதில் எனக்கு இன்றுவரை மனம் ஆறாத ஒன்று, அந்தத் திரவத்தைக் கையாண்ட இளைஞர் கையுறைகூட அணியாமல் இருந்தது. இத்தகைய மலிவான வீல் கிளீனர்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதுண்டு. சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ, அதே தன்மையுடைய அம்மோனியம் பைஃப்ளோரைடோ இருக்கும். இந்த இரண்டாம் வகை மிகவும் கொடியது. மெல்லிய கரைசலாக இருந்தால் தோலில் பட்டவுடன் எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கி, உடலின் கால்சியத்தோடு சேர்ந்து திசுக்களைச் சிதைக்கும். வலி பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதற்கு முதலுதவியாகப் பயன்படும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு அவர்களிடம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. கேனில் என்ன இருக்கிறது என்று வேலை செய்பவருக்கே சொல்லாத ஒரு நிறுவனம், வாடிக்கையாளருக்கு உண்மை சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது மட்கார்டு. முன்மட்கார்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை கிளிப்புகளால் பொருத்தப்பட்டிருக்கும். அதன் பின்னால், கதவுக்கு முன்பாக, தகடு கீழே சேரும் மூலையில்தான் மண்ணும் இலையும் அதிகம் தங்கும். முன்கண்ணாடிக்குக் கீழே விழும் வேப்பஞ்சருகும் தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகளும் மழைநீரோடு அந்த வழியாக இறங்கி, நீர் வெளியேறும் துளைகளை அடைத்துவிடும். முறையாகச் சுத்தம் செய்வதாக இருந்தால் அந்த உறையைக் கழற்ற வேண்டும், அல்லது குறைந்தபட்சம் அதன் கீழ் ஓரத்தையாவது விலக்கிப் பார்க்க வேண்டும். அவர்கள் பிரஷர் குழாயால் வெளியில் தெரிந்த மண்ணை மட்டும் தட்டிவிட்டு, ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும்போதே கறுப்புப் பூச்சை அடித்தார்கள். ரப்பரும் தாரும் கலந்த அந்தப் பூச்சு, உலர்ந்த சுத்தமான தகட்டில் ஒட்டினால்தான் காக்கும். ஈர மண்ணின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். பூச்சே இல்லாமல் விட்டிருந்தால் வெயிலில் காய்ந்திருக்கக்கூடிய மண், பூச்சுக்கு அடியில் மாதக்கணக்கில் ஈரமாக இருந்து தகட்டைத் தின்னும்.

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கையும் அதை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் பேடையும் மூடி மறைக்காமல் அடித்ததால் பூச்சின் தூறல் டிஸ்க்கின் மேல் படிந்தது. அன்று மாலை காரை எடுத்துத் தெருமுனை வரை சென்றபோதே பிரேக் வழக்கம்போல் பிடிக்கவில்லை. மிதித்த பிறகும் வண்டி கொஞ்சம் வழுக்கிச் சென்று, கிறீச்சென்ற ஒலியோடு நின்றது. போக்குவரத்து மிகுந்த சாலையில் அது நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. எங்கள் பகுதி மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கைத் துடைத்துப் பேடுகளை மாற்றினார். உறையை விலக்கிப் பார்த்துவிட்டு, "சேத்து மேலேயே அடிச்சிருக்காங்க சார், உள்ள இன்னும் ஈரமா இருக்கு" என்று கைநிறைய மண்ணை எடுத்துக் காட்டினார். இடப்பக்க மூலையில் தகடு ஏற்கெனவே செம்பழுப்பாகியிருந்தது. சக்கரத்தின் உட்புறம் ஒட்டியிருக்க வேண்டிய சிறு ஈயத்துண்டு ஒன்றும் பிரஷர் நீரில் பிய்ந்து போயிருந்தது. அது இல்லாமல் சமநிலை கெட்டு, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கியது.

நிறுவனத்திடம் கேட்டபோது, முதலில் வீல்கள் முன்பே அப்படி இருந்தன என்றார்கள். வேலைக்கு முன் எடுத்த படங்களை அனுப்பியதும், மழைக்காலத்தில் எல்லா வண்டிக்கும் அப்படித்தான் ஆகும் என்றார்கள். என்ன திரவம் பயன்படுத்தினீர்கள் என்று எழுத்தில் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. இலவசமாக மறுபடியும் கழுவித் தருவதாகச் சொன்னதுதான் அவர்கள் முன்வைத்த ஒரே தீர்வு. அதே கேனோடு அவர்கள் மீண்டும் வருவதை நான் ஏற்கவில்லை.

ஆகவே யாரையாவது இந்த வேலைக்கு அழைப்பதாக இருந்தால், தெளிக்கும் திரவத்தின் பெயர்ச்சீட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முறையான தயாரிப்பாளர் எவரும் தம் பொருளில் என்ன இருக்கிறது, அதனால் என்ன ஆபத்து என்பதைச் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாள் வைத்திருப்பார். அதைக் காட்ட மறுப்பவரைக் காரைத் தொட விடாதீர்கள். பூச்சு அடிப்பதாக இருந்தால், கழுவிய அன்றே அடிப்பவர் வேண்டாம். அடிப்பகுதியில் டீசலோ பழைய ஆயிலோ தெளிப்பதைச் சில வாட்டர் சர்வீஸ் நிலையங்கள் இன்னும் விடவில்லை. அது அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களையும் உறைகளையும் ஊதிப்போகச் செய்யும் என்பதால் அதையும் மறுத்துவிடுங்கள்.

உண்மையில் இந்த வேலைக்கு வெளியாள் தேவையே இல்லை. இப்போது நான் வீட்டிலேயே செய்கிறேன். கார் நிழலில் நிற்க வேண்டும். சக்கரத்தைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சக்கரத்துக்கென்று தனி வாளியும் தனித் துணியும் வைத்துக்கொள்வது மிகவும் முக்கியம், ஏனென்றால் அந்த வாளியில் சேரும் இரும்புத் துகள்கள் கதவின் பெயின்டில் பட்டால் கோடு கோடாகக் கீறிவிடும். முதலில் வெறும் நீரால் மண்ணை ஊறவைத்துக் கழுவி, பிறகு கார் ஷாம்பு கலந்த நீரும் மென்மையான பிரஷும் கொண்டு ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் என்ற அளவில் தேய்த்து, காய்வதற்கு முன் அலச வேண்டும். பனியன் வேஸ்டால் துடைப்பவர்கள் அதில் தையல் விளிம்போ மணலோ இல்லாததைப் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோஃபைபர் துணி இன்னும் நல்லது.

ஷாம்புவுக்கும் போகாத பழுப்புப் புள்ளிகள் சேறு அல்ல. பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசும்போது பறக்கும் சூடான இரும்புத் துகள்கள் பூச்சில் பதிந்து துருப்பிடித்தவை அவை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு உரியது என்பதால் அங்கேதான் மிகுதியாக இருக்கும். இவற்றுக்கு அமிலம் வேண்டாம். அயர்ன் ரிமூவர் என்ற பெயரில் கிடைக்கும், அமில காரச் சமநிலையை ஒட்டிய திரவத்தை வாங்கிக்கொள்ளலாம். அதில் பொதுவாக இருக்கும் தயோகிளைகோலேட் உப்பு இரும்போடு மட்டும் சேர்ந்து ஊதா நிறமாக மாறும். கந்தக நெடி அடிக்கும்; கையுறை வேண்டும். உலரவிடாமல் சில நிமிடங்களில் மென்மையாகத் தேய்த்து, நிறைய நீர் விட்டு அலசினால் போதும். கழிப்பறைக்கும் டைல்ஸுக்கும் வாங்கும் ஆசிட்டை எவ்வளவு நீர் கலந்தும் அலாய் வீலில் ஊற்றக் கூடாது.

மட்கார்டுக்குள் கழுவ, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் முன்சக்கரத்துக்குப் பின்னால் கை நுழைய இடம் கிடைக்கும். பிறகு மறுபக்கம் திருப்பி முன்பகுதியைச் செய்யலாம். தோட்டத்துக் குழாயால் நன்றாக ஊறவைத்த பின் நீண்ட கைப்பிடி பிரஷால் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். மட்கார்டின் உள்விளிம்பு மடிந்திருக்கும் இடத்தைக் கையுறையோடு விரலால் தடவிப் பார்த்து, அங்கே படிந்த மண்ணை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் பின்மட்கார்டின் துரு அந்த மடிப்பில்தான் தொடங்குகிறது. பிரஷர் வாஷர் இருந்தால் ஓரடிக்கு மேல் தள்ளிப் பிடித்து, டயரின் பக்கச்சுவர், ரப்பர் உறைகள், ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சாரின் ஒயர், ஒட்டிய ஈயத்துண்டுகள் ஆகியவற்றுக்கு நேராகக் காட்டாமல் பயன்படுத்துங்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் அந்த ஒயர் உங்கள் காரிலும் இருக்கக்கூடும். சக்கரத்தைக் கழற்றிக் கழுவ விரும்பினால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைக்க வேண்டும். டயர் பாலிஷைத் தரையில் படும் பகுதியிலோ டிஸ்க்கிலோ படாமல் துணியில் தொட்டுப் பக்கச்சுவரில் மட்டும் தடவுங்கள். முடிந்தவுடன் காரை நிறுத்திவைக்காமல், மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கைச் சில முறை இலேசாக மிதித்து டிஸ்க்கை உலர்த்திவிட வேண்டும்.

ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள் பில், வாட்ஸ்அப் உரையாடல், தேதியுள்ள படங்கள், மெக்கானிக்கின் எழுத்துபூர்வமான குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சேவைக் குறைபாடு ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. நான் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, நிறுவனத்துக்குப் பதிவு அஞ்சலில் அறிவிப்பும் அனுப்பியிருக்கிறேன். பேடுகள், வீல் புதுப்பிப்பு, மட்கார்டுத் துரு நீக்கம் ஆகிய மூன்றின் செலவையும், பயன்படுத்திய திரவத்தின் பெயரையும் கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் ஆணையத்துக்குச் செல்வேன்.