ஸ்மோக்கர் டியூபுக்கு பெல்லட் வாங்கும் பெங்களூர்வாசிகளுக்கு: ‘ஆப்பிள் மரம்’ என்று எனக்கு விற்றது பாய்லர் சரக்கு

கேஸ் கிரில்லில் சமைத்தாலும் விறகுப் புகை வாசம் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்மோக்கர் டியூப் மலிவான வழி. ஓட்டை போட்ட ஸ்டீல் குழாய், உள்ளே மரத்தூளை இறுக்கிச் செய்த பெல்லட், ஒரு முனையில் நெருப்பு, அவ்வளவுதான். பெங்களூரில் நம்மவர்கள் நிறையப் பேர் இதை வாங்குவதைப் பார்க்கிறேன். பெல்லட்டை யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். இந்திரா நகர்ப் பக்கம் ஒரு பார்பிக்யூ சாமான் கடையில் ‘சுத்தமான ஆப்பிள் மரம்’ என்று சொல்லி எனக்குக் கொடுத்தது சமையலுக்கான பெல்லட்டே இல்லை.

டியூபும் அங்கேதான் வாங்கினேன், 12 அங்குலம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெல்லட் கிலோ 850 ரூபாய். பழுப்புக் காகிதப் பை, முன்பக்கம் ஆப்பிள் படம். பின்பக்கம் வெறுமை. தயாரித்தவர் பெயர், பேக் செய்தவர் முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி எதுவும் இல்லை.

பற்றவைத்தால் கேஸ் டார்ச்சின் சுடரைக் காட்டும்வரை எரியும். ஊதி அணைத்ததும் அடர்த்தியாக வெள்ளைப் புகை கிளம்பும். கால் மணி நேரத்தில் கங்கு செத்துவிடும். மறுபடி பற்றவைத்தாலும் அதே கதைதான். அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் அக்கா குடும்பத்துக்காகப் போட்ட ஆட்டு விலா அத்தனையும் கசந்தது. அக்கா பையன் ஒரு வாய் கடித்துவிட்டு, “மாமா, பெயின்ட் வாசம் வருது” என்று தட்டை நகர்த்தி வைத்தான்.

கடைக்காரரிடம் கேட்டேன். “சார், இது மழைக்காலம். பெங்களூர் ஈரத்துக்கு எந்த பெல்லட்டும் அணையத்தான் செய்யும். டார்ச்சை இன்னும் கொஞ்ச நேரம் பிடிங்க” என்றார். இது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் கேட்பவர் நம்பித் திரும்பி வந்துவிடுகிறார். பெல்லட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், கங்கு அடுத்த பெல்லட்டுக்குத் தாவாது. ஆனால் ஈரத்துக்கு வைத்தியம் இருக்கிறது. தட்டில் பரப்பி 100 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் போதும். டியூபில் அடைக்கும்போது குத்தி இறுக்கக் கூடாது, லேசாகத் தட்டி, வாய்ப்பக்கம் ஓர் அங்குலம் விட்டுவிட வேண்டும். முன்வரிசை பெல்லட் நன்றாகச் சிவக்கும்வரை டார்ச் பிடித்து, ஐந்து முதல் பத்து நிமிடம் சுடரோடு எரியவிட்டு, அப்புறம் ஊதி அணைக்க வேண்டும். பர்னருக்கு நேர்மேலேயோ கொழுப்பு சொட்டுகிற இடத்திலோ வைக்காமல், ஓரமாகப் படுக்கவைத்து, மூடியின் காற்றுத் துவாரத்தைத் திறந்து வைக்க வேண்டும். நல்ல பெல்லட் என்றால் 12 அங்குல டியூப் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும்.

இத்தனையும் செய்தும் அந்தச் சரக்கு அணைந்தது. நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த, ஹிக்கரி என்ற மரத்தில் செய்த பெல்லட்டை அதே டியூபில், அதே மாடியில், தூறல் விட்ட ஈரக் காற்றில் போட்டுப் பார்த்தோம். மாலை முழுக்க ஊதுபத்திப் புகை போல மெல்லிசாக, ஒரே சீராக வந்தது. பழுது டியூபிலும் இல்லை, மழையிலும் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி ஒன்றில் ஹிக்கரியையும் மற்றதில் கடைச் சரக்கையும் போட்டேன். ஹிக்கரி சில நிமிடங்களில் ஊதி உதிர்ந்து, ஒரே நிற மரத்தூளாகத் தண்ணீரை நிறைத்தது. மற்ற டம்ளரில் வலைநரம்பு ஓடிய கடலைத்தோல் துணுக்குகள் மேலே மிதந்தன. அடியில் கருப்பு மண். நடுவில் நகக்கண் அளவுக்குப் பளபளவென்று சில செதில்கள், ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் பழுப்பு. விரலில் எடுத்து மடக்கிப் பார்த்தேன், மடங்காமல் டக்கென்று ஒடிந்தது. அலமாரிக் கதவின் பிளைவுட்டில் ஒட்டும் மைக்கா ஷீட்! அப்படியென்றால் தூளில் பிளைவுட்டும் கலந்திருக்க வேண்டும்.

பீன்யாவில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கிற என் மச்சான் பையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளியதுமே, “மாப்ள, இது எங்க பாய்லருக்கு லாரியில வர்ற சரக்கு. இதைப் போட்டா கறி வாட்டினீங்க?” என்றான். ஸ்கேல் வைத்து அளந்தோம், 8 மில்லிமீட்டர் இருந்தது. கிரில்லுக்கு விற்கும் பெல்லட் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர். அளவு மட்டுமே சாட்சி ஆகாது, ஆனால் மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

அணைவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. சுத்தமான மர பெல்லட் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் 1 சதவீதம்கூட வராது. தோலும் உமியும் மண்ணும் கலந்தால் அது பல மடங்கு. நெல் உமியில் மட்டுமே சுமார் 20 சதவீதம் சாம்பல். பாய்லரில் விசிறி வைத்துக் காற்றை ஊதுகிறார்கள், எரிந்துவிடும். டியூபில் அப்படி ஊத யாருமில்லை. சாம்பல் இருந்த இடத்திலேயே நின்று கங்கை மூடிவிடுகிறது.

கடலைத்தோல் விஷமில்லை, அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். பிளைவுட் தூளும் மைக்காவும்தான் என்னைக் கொதிக்க வைக்கின்றன. பிளைவுட்டை ஒட்டும் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனம் இருக்கும். சுட்டால் அந்த ஆவி வெளியே வரும், புகையோடு கறியில் படியும். அதைத்தான் என் அக்கா பிள்ளைகளுக்குப் பரிமாறியிருக்கிறேன் என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை. டன் கணக்கில் வாங்கி எரிக்கிற எரிபொருளை ஒரு ஆப்பிள் படம் ஒட்டி அடுப்படிக்கு அனுப்புவது வியாபாரமா?

இரண்டு டம்ளரின் போட்டோவோடு மீண்டும் கடைக்காரரிடம் போனேன். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வரியைக் காட்டினார். அந்த வரி சட்டத்துக்கு மேலே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் கொடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பணம் திருப்பித் தரும் கெடு பில்லில் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பேக் செய்தவர் பெயர், முகவரி இல்லாமல் பை விற்பதே 2011 பொட்டலப் பொருள் விதிகளுக்கு விரோதம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதிந்தேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. ஆப்பிள் படம் போட்ட, பின்பக்கம் எதுவும் அச்சிடாத பழுப்புப் பை உங்களிடமும் இருந்தால் இனி கிரில்லில் போடாதீர்கள். ஒரு பிடியை வெந்நீரில் போட்டுப் படமெடுங்கள், பையையும் பில்லையும் பத்திரமாக வைத்துவிட்டு 1915-க்குக் கூப்பிடுங்கள்.