எச்சரிக்கை: 'ஒட்டுக்கன்று' என்ற பெயரில் விற்கப்படும் தக்காளி

செபராங் பிறை வட்டாரத்தில் வீட்டுத் தோட்டம் போட்டிருப்பவர்கள், தக்காளிக் கன்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 'சுண்டை வேரில் ஒட்டுக் கட்டிய தக்காளி, வாடல் நோயே வராது, கேமரன் மலையில் காய்ப்பதுபோல் உங்கள் வீட்டு வாசலிலும் காய்க்கும்' என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த விளம்பரத்தை நம்பி, கடந்த நவம்பர் மாதத் தொடக்கத்தில் எட்டுக் கன்றுகள் வாங்கினேன். கன்று ஒன்றுக்கு 28 வெள்ளி, அனுப்பும் செலவு 16 வெள்ளி, ஆக மொத்தம் 240 வெள்ளி. அந்த எட்டில் ஒன்றுகூட ஒட்டுக்கன்று இல்லை என்பதும், அவற்றுக்குச் சொல்லப்பட்ட இரகப் பெயர்களில் ஒன்றுகூட உண்மை இல்லை என்பதும் மூன்று மாதங்களில் எனக்குத் தெரியவந்தது.

புக்கிட் மெர்தாஜாமில் பல ஆண்டுகளாகத் தக்காளியோடு மல்லுக்கட்டி வருபவன் நான். மிளகாய், கத்தரி, பயற்றங்காய் எல்லாம் கேட்காமலே காய்க்கும் மண்ணில் தக்காளி மட்டும் முகம் கொடுப்பதில்லை. காரணம் இரண்டு. தக்காளிப் பூ பிஞ்சாக மாறுவதற்கு இரவு குளிர வேண்டும். இரவு வெப்பம் 21 பாகையைத் தாண்டினாலே பெரிய காய் இரகங்கள் பலவற்றில் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் காம்போடு உதிரத் தொடங்கும். நமக்கோ நள்ளிரவிலும் 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மற்றொன்று, ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோய். மண்ணில் ஒருமுறை குடியேறிவிட்டால் ஆண்டுக்கணக்கில் போகாத இந்தக் கிருமி, வேர் வழியாகத் தண்டுக்குள் நுழைந்து நீரோட்டத்தை அடைத்துவிடும். ஆகவே, வாடலைத் தாங்கும் வேரின் மேல் தக்காளியை ஒட்டுவது என்பது ஏமாற்றுக்காரர்கள் கண்டுபிடித்த கதை அன்று. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இஜி 203 போன்ற கத்தரி இரகங்களையும் ஹவாய் 7996 என்னும் தக்காளி இரகத்தையும் இதற்கான வேர்ச்செடியாகப் பரிந்துரைக்கிறது. உண்மையான தொழில்நுட்பம் ஒன்று இருந்ததால்தான் பொய்யான கன்றை என் தலையில் கட்ட முடிந்தது.

விற்றவர் தமிழர், பணிவாகப் பேசினார், கேட்ட கேள்விக்கெல்லாம் குரல் பதிவில் பதில் அனுப்பினார். நான்கு கன்றுகள் 'பிளாக் கிரிம்', இரண்டு 'செரோக்கி பர்ப்பிள்', இரண்டு 'பிராண்டிவைன்' என்று பெயர்ச்சீட்டு கட்டி அனுப்புவதாகச் சொன்னார். இவை மூன்றும் வெளிநாட்டில் பெயர் பெற்ற பழைய நாட்டு இரகங்கள். விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "தெரிந்தவர் கொண்டுவந்து கொடுத்தார் ஐயா" என்றார். வெளிநாட்டு விதையை அனுமதியின்றிக் கொண்டுவருவதை 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் தடுக்கிறது என்பதை அறிந்த நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கறுஞ்சிவப்பில் அறுத்து வைத்த பழத்தின் படம் அறிவை மறைத்துவிட்டது.

கன்றுகள் நன்றாகத்தான் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் தண்டிலும் மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு சிறிய சிலிக்கோன் கவ்வி, உள்ளே தண்டு தெரியும்படி பளபளவென்று மாட்டப்பட்டிருந்தது. 'கவ்வியை எடுக்க வேண்டாம், எடுத்தால் ஒட்டு விட்டுப்போகும்' என்று ஒரு குறிப்புச் சீட்டும் இருந்தது. இந்த ஒரு வரியில்தான் ஏமாற்றின் முழுச் சாமர்த்தியமும் இருக்கிறது. ஒட்டு ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே கூடிவிடும். அதன் பிறகு கவ்விக்கு வேலை இல்லை. தண்டு பருக்கப் பருக்க அது தானாகவே கழன்று விழுவதற்காகத்தான் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு முழம் வளர்ந்த கன்றில் கவ்வியைத் தொடாதே என்று சொல்பவர், அதன் அடியில் எதையோ மறைக்கிறார்.

ஆறு கன்றுகளைப் பாத்தியிலும், இரண்டைப் புதிய தேங்காய் நார்த்தூள் கலவை நிரப்பிய பாலி பைகளிலும் நட்டேன். மூன்றாவது வாரம் ஒரு கன்றில் கவ்விக்குக் கீழேயிருந்து ஒரு துளிர் கிளம்பியது. படம் எடுத்து அனுப்பினேன். "அது வேர்ச்செடியின் கிளை ஐயா, கிள்ளிப் போடுங்கள்" என்று உடனே பதில் வந்தது. கிள்ளினேன், விரலில் பச்சைக் கறையும் தக்காளி இலைக்கே உரிய அந்தக் காரமான வாடையும் ஒட்டிக்கொண்டன. சுண்டை வேரிலிருந்து கிளம்பும் துளிர் சுண்டை இலையாக அகன்று இருக்க வேண்டும். சுண்டைத் தண்டில் முள்ளும் இருக்கும். என் கையில் இருந்ததோ ஓரம் வெட்டுப்பட்ட தக்காளி இலை. மூக்கு சொன்னதை மூளை ஏற்றுக்கொள்ள இன்னும் இரண்டு வாரங்கள் பிடித்தன.

நட்ட நாற்பதாம் நாள் வாக்கில், பாத்தியின் ஓரத்தில் இருந்த செடி உச்சி வெயிலில் தொங்கியது, மாலையில் நிமிர்ந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நிமிரவில்லை. இலை மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டால் அது தண்ணீர்க் குறையால் வந்ததன்று. தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத்துக்கு அறுத்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அறுத்த முனை மூழ்கும்படி பிடித்தேன். சில நிமிடங்களில் அந்த முனையிலிருந்து பால் நூல்போல் வெள்ளை இழை ஒன்று மெல்லக் கீழே இறங்கியது. வாடல் கிருமிக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இதுதான். என் மனைவி ரசத்துக்குப் புளி கரைக்கும் குவளை அது. அன்றோடு அதற்குத் தோட்டத்து உத்தியோகம் நிரந்தரமாயிற்று. அடுத்த இரண்டு வாரங்களில் பாத்தியில் இருந்த மற்ற ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் போயின.

எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். இளமையில் ரப்பர்த் தோட்டத்து நாற்றங்காலில் கண் ஒட்டுக் கட்டியவர். பிடுங்கிப் போட்ட செடி ஒன்றை அவரிடம் காட்டினேன். கவ்வியைக் கழற்றினார், பேனாக்கத்தியால் தண்டின் தோலை மேலிருந்து கீழாக நீளவாக்கில் சீவினார், ஈரத் துணியால் துடைத்தார். பச்சைத் தோல் ஓரிடத்திலும் முறியாமல், நிறம் மாறாமல், வேர் வரை ஒரே ஓட்டமாக இறங்கியது. கவ்வி அழுத்திய இடத்தில் ஒரு வெளிறிய வளையம் மட்டும் இருந்தது. "கத்தியே படாத செடிக்கு யாருப்பா கட்டுப் போட்டது?" என்று கேட்டார். ஒட்டுக் கட்டிய ரப்பர் மரத்தில் அடிமரம் யானைக்கால்போல் பருத்து, ஒட்டிய இடம் எத்தனை ஆண்டு கழித்தும் கண்ணுக்குத் தெரியும். தக்காளியிலும் அளவுதான் சிறிதே ஒழிய, சரிவாக வெட்டிச் சேர்த்த தழும்பும் ஒரு சிறு புடைப்பும் கட்டாயம் இருக்கும் என்றார்.

இரகத்தின் கதை இதைவிட எளிதில் வெளுத்தது. பிராண்டிவைன் தக்காளிக்கு உருளைக்கிழங்குச் செடியின் இலைபோல் ஓரத்தில் வெட்டு இல்லாத, அகன்ற வழவழப்பான இலை இருக்கும். பூ வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, கன்றிலேயே தெரிந்துவிடும். என்னிடம் வந்த எட்டுக் கன்றுகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வெட்டு இலையோடு இருந்தன. பாலி பைகளில் பிழைத்த இரண்டும் ஜனவரி இறுதியில் பழுத்தன: முட்டை வடிவில், பாசாரில் நாம் அன்றாடம் பார்க்கும் சிவப்புப் பழம். ஒன்றில் 'பிளாக் கிரிம்' என்றும் மற்றொன்றில் 'பிராண்டிவைன்' என்றும் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவை உண்மையான பிராண்டிவைனாக இருந்திருந்தால் நம் இரவு வெப்பத்தில் பெரும்பாலும் பூவோடு நின்றிருக்கும். பொய்யாக இருந்ததால்தான் இருபது பழமாவது கிடைத்தது.

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். வேர்ச்செடி மண்ணிலிருந்து வரும் நோயைத் தடுக்கும். நீர் தேங்குவதையும் ஓரளவு தாங்கும். ஆனால் மேலே உள்ள செடியின் பூவுக்கு அது இரவைக் குளிரச் செய்யாது. கேமரன் மலையில் காய்ப்பது அங்கே கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் வரை ஏறிய குளிரால். ஆகவே 'ஒட்டுக்கன்று என்பதால் எந்த இரகமும் இங்கே காய்க்கும்' என்று ஒருவர் சொன்னால், அவர் கட்டிய ஒட்டு உண்மையானதாகவே இருந்தாலும் அந்தப் பேச்சு பொய். தாழ்நிலத்துக்குச் சிறிய செர்ரித் தக்காளியோ, வெப்பம் தாங்கும் என்று உறையில் அச்சிட்டு விற்கப்படும் வீரிய இரகமோதான் பொருந்தும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் கொட்டும் மழை தணிகிற நேரம் பார்த்து விதைத்தால், வறண்ட ஜனவரி, பிப்ரவரியில் பூவும் பிஞ்சும் வரும். காலையில் பூக்கொத்தை விரலால் இலேசாகத் தட்டிவிட்டால் மகரந்தம் உள்ளேயே உதிரும். தக்காளிப் பூ தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளக்கூடியது. உண்மையான ஒட்டுக்கன்று கிடைத்தாலும் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கும்படி நட வேண்டும். அது புதைந்தால் மேல்தண்டு தானே வேர் விட்டு, கிருமிக்குக் கொல்லைவாசலைத் திறந்துவிடும்.

பணம் திரும்பவில்லை. கவ்விக்கு அடியில் சீவிய தண்டின் படத்தை அனுப்பியபோது, "ஐயா தண்ணீர் அதிகம் விட்டுவிட்டீர்கள்" என்று ஒரு பதில் வந்தது. அதோடு எண் முடக்கப்பட்டது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் முதலாம் பாரத்தை நிரப்பி, 50,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுக்குள் செய்ய வேண்டும். ஆனால் யார்மீது கோருகிறோமோ அவருடைய பெயரும் முகவரியும் பாரத்தில் இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு கைப்பேசி எண்ணும், விளம்பரத்தில் இருந்த கடைப் பெயருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரின் வங்கிக் கணக்குப் பெயரும்தான். வேறு பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போடச் சொன்ன உடனேயே அந்த எண்ணைக் மோசடிக் கணக்கா என்று சரிபார்க்க உதவும் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்த்திருக்கலாம். 240 வெள்ளிதானே என்று விட்டேன். அந்தப் பணத்தைவிட எனக்கு வலிப்பது பாத்திதான். கிருமி கன்றோடு வந்ததா, என் மண்ணில் ஏற்கெனவே இருந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது. எப்படியானாலும் மிளகாயும் கத்தரியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், இனிச் சில ஆண்டுகளுக்கு அங்கே அவற்றையும் நட முடியாது. இப்போது அந்த இடத்தில் சோளமும் பயற்றங்காயும் நிற்கின்றன.

கன்று வாங்கத்தான் வேண்டும் என்றால் நேரில் போங்கள். கவ்வியை உங்கள் கையால் கழற்றிப் பாருங்கள். கழற்ற விடாதவரிடம் வாங்காதீர்கள். தூரத்திலிருந்து வாங்குவதானால், கவ்வி இல்லாத நிலையில் ஒட்டிய இடத்தை அருகில் வைத்து எடுத்த படத்தையும் வேர்ச்செடியின் பெயரையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

சென்ற வாரம் உறவினர் ஒருவர் எனக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பி, "மாமா, இது நல்லதா?" என்று கேட்டிருந்தார். கடைப் பெயர் வேறு, எண் வேறு, கன்றின் விலை 35 வெள்ளி. எழுதியிருந்த வாசகம் மட்டும் அப்படியே இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுண்டை வேர் என்று சொல்லப்பட்ட அந்தக் கன்றில், கவ்விக்குக் கீழே இருந்த தண்டிலும் மேலே இருந்த தண்டிலும் ஒரே மாதிரியான வெள்ளைப் பூனைமயிர்தான் இருந்தது. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு முள்கூட இல்லை.