கூலன்ட் எங்கே போகிறது? நீல மருந்து, பிரஷர் பம்ப், ஒளிரும் சாயம்: எதை முதலில் நம்புவது

தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறது. பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றி கடலூர் வழியாகப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு ஓடுகிற டீசல் பிக்கப் என்னுடையது. சீசனில் வண்டியை நிறுத்தினால் பழம் கனிந்து வீணாகிவிடும் என்று ஒரு மாதம் ஊற்றி ஊற்றியே ஓட்டினேன், அதைச் செய்திருக்கக் கூடாது. அந்த ஒரு மாதத்தில் மூன்று பட்டறைகளில் மூன்று விதமான சோதனைகளைப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதில் சொன்னது, கடைசியில் இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டை இறக்கச் சரி என்று தலையாட்டுகிற இடத்துக்கே வந்துவிட்டேன்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் செலவில்லாத ஒன்று இருக்கிறது. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, கூலன்ட் நிற்கும் ரிசர்வ் பாட்டிலில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டம் ஏறித்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அப்புறம் ரேடியேட்டர் மூடி. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று பார் கணக்கில் எண் இருக்கும். வெறும் தண்ணீர்கூட 1 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துபோனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், நூறைத் தாண்டும்போதே கொதித்து ஆவியாக வெளியேறும், தரையிலும் தடயம் இருக்காது. மூடியின் விலை சில நூறு ரூபாய்தான். எனக்கு மூடி சரியாக இருந்தது.

அடுத்து நீல மருந்துச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, உள்ளே நீலத் திரவம் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு மேலே எழும் காற்றை அதற்குள் இழுப்பார்கள். எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு திரவத்தின் நிறத்தை மாற்றும். பெட்ரோல் வண்டியில் பளிச்சென்று மஞ்சள் ஆகிவிடும், சந்தேகமே வராது. டீசலில் அப்படி இல்லை, ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, டீசல் இன்ஜின் நிறைய அதிகப்படியான காற்றை இழுப்பதால் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு குறைவு, நிறம் பச்சையோடு நின்றுவிடும், சில நேரம் மாறவே மாறாது. என் வண்டியில் ஐடிலில் நீலமாகவே இருந்தது, ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்ததும் லேசாகப் பச்சை தட்டியது. "ஹெட் கேஸ்கெட் போச்சு தம்பி, இறக்கிடலாம்" என்றார் மெக்கானிக் அண்ணன். ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.

இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். எரிந்த வாயு கூலன்டுக்குள் வர ஹெட் கேஸ்கெட் ஒன்றுதான் வழி என்பதில்லை. இன்றைய டீசல் பிக்கப்புகளில் இ.ஜி.ஆர். கூலர் என்று ஒன்று இருக்கிறது, சைலன்சருக்குப் போகும் சூடான புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும். புகை ஒரு பக்கம், கூலன்ட் ஒரு பக்கம், நடுவில் மெல்லிய உலோகத் தகடு. அது விரிசல் விட்டால் கூலன்ட் புகையோடு சேர்ந்து போய்விடும், லோடு ஏறும்போது, புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவுக்கு முன்னால் புகையின் அழுத்தம் கூடுவதால் வாயு எதிர்த்திசையில் கூலன்டுக்குள்ளும் வரும். நீல மருந்துக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பிரஷர் பம்ப் சோதனைக்குத்தான் என் ஓட்டு. மூடி இருக்கும் இடத்தில் பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரைக்கும் கையால் அடிக்க வேண்டும், பம்பின் மீட்டரில் சுமார் 15 பி.எஸ்.ஐ. (ஏறத்தாழ 1 பார்), அதற்கு மேல் வேண்டாம். பெரும்பாலான பட்டறைகளில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு "லீக் இல்லை" என்று கழற்றிவிடுகிறார்கள். பெரிய ஓட்டைக்கு அது போதும், என்னுடையது போல மெதுவாகக் கசிவதற்குப் போதாது. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு அடித்து இரவு முழுவதும் விட வேண்டும். சூட்டோடு அடித்தால் ஆற ஆற மீட்டர் முள் தானாகவே இறங்கும், அதை லீக் என்று நினைத்துக்கொள்வோம். பம்ப் மாட்டிய வாயில் சோப்புத் தண்ணீர் தடவி அங்கே குமிழ் வராததையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரவு 8 மணிக்கு 15-இல் விட்டோம். காலை 6 மணிக்கு முள் 8-இல் நின்றது. தரையில் விரித்திருந்த அட்டை காய்ந்தே இருந்தது. வாட்டர் பம்பின் கசிவுத் துளை, ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரம், டேஷ்போர்டுக்குக் கீழே ஹீட்டர் பக்கம் இருக்கும் கார்ப்பெட் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தோம், ஈரமே இல்லை. ஆயில் குச்சியிலும் பால் கலந்தது போன்ற நிறம் இல்லை, அதாவது ஆயிலில் கூலன்ட் கலந்த அடையாளம் இல்லை. கூலரிலிருந்து போகும் இ.ஜி.ஆர். குழாயின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றச் சொன்னேன். கரி படிந்து வறண்டிருக்க வேண்டிய குழாய் அது. உள்ளே கரி கழுவப்பட்டு, விளிம்பில் வெள்ளையாக உப்புப் பொரிந்தது போல ஒரு படிவு, அடியில் கூலன்டின் ஒரு பச்சைச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வந்துகொண்டிருந்த வெள்ளைப் புகைக்கும் அந்த இனிப்பு வாடைக்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. உறுதி செய்ய, கூலருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஒரு குழாயால் நேராக இணைத்து, சோதனைக்காக மட்டும், நாலு நாள் ஓட்டினோம், மார்க்கர் கோடு அசையவில்லை. கூலரை மாற்றினேன். ஹெட்டைத் தொடவே இல்லை.

ஒளிரும் சாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கூலன்டில் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு இருட்டில் யு.வி. டார்ச் அடித்தால் கசிந்த இடம் மினுங்கும். வெளியே கசிந்து சூட்டில் உடனே காய்ந்துபோகும் லீக்குக்கு இதைவிட நல்லது இல்லை, பம்ப் காட்டாததையும் இது காட்டும், ஏனென்றால் சில லீக் சூட்டில் விரிந்தால்தான் திறக்கும். ஆனால் உள்ளே எரிந்துபோவதை நேராகக் காட்டாது. சில கூலன்ட் தானாகவே ஒளிரும், அதனால் முதலில் பழைய சிந்தல்களைக் கழுவிவிடுங்கள்.

மஞ்சள் தூளையும் லீக் அடைக்கும் பவுடரையும் நான் இந்த வரிசையிலேயே வைக்க மாட்டேன். நடுவழியில் கடலூர் வரைக்கும் வந்து சேர அது உதவலாம், ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும், அதற்குப் பிறகு எந்தச் சோதனையும் ஒழுங்காகப் பேசாது. நம் கடலோர போர் தண்ணீரை ஊற்றுவதும் அதே வேலையைத்தான் செய்யும், உப்பு படிந்துகொண்டே வரும். வழியில் ஊற்ற வேண்டியிருந்தால் உப்பு நீக்கிய பேட்டரித் தண்ணீர் கேன் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயைக் கழற்றும்போது கீழே ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் கன்றும் தேடி வந்து நக்கும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் போய்விடும். எங்கள் பட்டறை வாசலில் எப்போதும் இரண்டு நாய்க்குட்டிகள் படுத்திருக்கும், பழைய கூலன்ட் முழுவதையும் மூடி போட்ட கேனில் ஊற்றும் வரை நான் அங்கிருந்து நகரவில்லை.